ஒரே ஏரியாவில் காதல்: தொடங்குகிறவர்களுக்குச் சில புத்திமதிகள்

சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சென்னை கே.கே. நகர் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்தவள் நான். நாலு தெரு தள்ளியிருந்த பையனையே கட்டிக்கொண்டு, பேத்தி எடுத்த பிறகும் இங்கேயேதான் காய்கறி வாங்குகிறேன். அதனாலோ என்னவோ, “ஸ்கூல்லேர்ந்தே பழக்கம் ஆன்ட்டி” என்று சொல்லிக்கொண்டு ஜோடி ஜோடியாகப் பிள்ளைகள் சிவன் பார்க்கில் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஊர் உங்களைச் சந்திக்க வைத்துவிட்டது, அதோடு அதன் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் உங்கள் பாடு. அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைக்க, எனக்குத் தெரிந்ததை எண் போட்டு எழுதியிருக்கிறேன்.

1. பக்கத்து வீடு என்பதால் வந்த காதலா என்று கூச்சப்படாதீர்கள்.

எல்லா ஊரிலும் இதுதான் கதை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 5,000 கல்யாண உரிமங்களை எடுத்துப் பார்த்த ஜேம்ஸ் பாசார்ட் என்ற சமூகவியல் அறிஞர், மூன்றில் ஒரு ஜோடி ஐந்து பிளாக் தூரத்துக்குள் குடியிருந்தவர்கள் என்று 1932இல் எழுதினார். நமக்கு மாடிப்படி, ரேஷன் கடை வரிசை, 12ஜி பஸ். தினமும் கண்ணில் பட்ட முகம் மனதில் தங்கியது, அவ்வளவுதான். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் அருகில் குடியிருந்தது ஒருவரின் குணத்துக்கு ஜாமீன் ஆகாது. அதை நீங்களே விசாரித்துக்கொள்ளணும்.

2. எப்படி விசாரிப்பது? அவர் தன் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள்.

அப்போது எங்கள் தெருவில் அடி பம்பு ஒன்றுதான். ராத்திரியே குடத்தை வரிசையில் வைத்துவிடுவோம். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். விடிகாலையில் வந்து பார்த்தால் செங்கல் நாலு இடம் பின்னால் போயிருக்கும், அதற்கு ஒரு சண்டை. தண்ணீர் மேலே ஏறியதும் பம்புக்கு ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் சண்டையை விட்டுவிட்டு எல்லோரும் புடவையை இடுப்பில் செருகுவார்கள். வரிசையில் நிற்பது பூராவும் பெண்கள்.

எனக்குக் குடம் தூக்கித் தர வந்த பையன்கள் ஒன்றிரண்டு பேர் உண்டு. தன் வீட்டுக் குடத்தை, தங்கைக்குப் பதிலாகத் தானே வந்து தூக்கிப்போன பையன் ஒருத்தர்தான். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். உங்களுக்காக மலையைப் புரட்டுவேன் என்பவரை விட்டுவிடுங்கள். தன் அம்மாவின் இடுப்பு வலி தெரிந்தவரைப் பாருங்கள். பெண்ணைப் பார்க்கிற பையன்களுக்கும் இதேதான்.

3. “அந்தக் காலம் எவ்வளவு சிம்பிள்” என்று சொல்வதற்கு முன், யாருக்கு என்று கேளுங்கள்.

போன் கிடையாது, பரபரப்பு கிடையாது, கதவு திறந்தே கிடக்கும். எல்லாம் உண்மை. அந்தத் திறந்த கதவுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவும் உண்டு. 2003-04 வறட்சியில் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய நின்றுபோய், மெட்ரோ வாட்டர் லாரியின் பின்னால் ஓடியதும் இதே கே.கே. நகர்தான். ஏக்கம் தப்பில்லை. கஷ்டத்தைக் கழித்துவிட்டு ஏங்கினால்தான் ஆபத்து. “எங்க அம்மா இதெல்லாம் முகம் சுளிக்காம செய்வாங்க” என்று ஒருநாள் உங்கள் வாயில் வரும். அந்த வாக்கியத்தில் ஆரம்பிக்கிற சண்டை சீக்கிரம் முடியாது.

4. பழைய கதையை இரண்டு பேரும் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு உதயம் தியேட்டர் என்றால் உயிர். 1983இல் திறந்தது, 2024இல் மூடிவிட்டார்கள். நண்பர்களோடு செகண்ட் ஷோ பார்த்துவிட்டு அசோக் பில்லர் பக்கம் டீ குடித்துவிட்டு நடந்து வந்ததை எத்தனை தடவை கேட்டாலும் சொல்வார். கல்யாணம் ஆகும் வரை நான் அங்கே செகண்ட் ஷோ பார்த்ததே இல்லை. தெருவிளக்கு எரிவதற்குள் வீட்டில் இருக்கணும். ஒரே ஏரியா, ஒரே வருஷங்கள், ஆனால் வாழ்ந்த ஊர் இரண்டு. அவர் கதை முடிந்ததும் என் கதையை ஆரம்பிப்பேன். முதலில் அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இப்போது அவரே, “நீ அப்ப எங்க இருந்தே?” என்று கேட்கிறார்.

5. சினிமாவைப் பார்த்து உங்கள் காதலை எடை போடாதீர்கள்.

‘அழகி’ 2002, ‘ஆட்டோகிராப்’ 2004, ‘96’ 2018. பள்ளிக்கூடக் காதலை நினைத்து தமிழ்நாடே கண்ணீர் விட்ட படங்கள். மூன்றிலும் அந்தக் காதல் சேரவில்லை. சேர்ந்திருந்தால் படம் இல்லை. கேஸ் புக் பண்ணுவது, பள்ளிக்கூட பீஸ் கட்டுவது, மாமியாரை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, இதையெல்லாம் யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? உங்கள் நாட்களில் பின்னணி இசை இல்லையே என்று காதல் தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஜெயித்த காதல் பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

6. தெரு சொல்வதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

சங்கப் பாட்டிலேயே ஊரார் பேச்சுக்குப் பயந்த காதலர்கள் உண்டு. எங்கள் காலத்தில் அந்த வேலையை பி.பி. நம்பர் செய்தது. பக்கத்து வீட்டுப் போன் நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருப்போம். ஆண் குரலில் ஒரு போன் வந்தால், நான் ரிசீவரை வைப்பதற்குள் மூன்று மாடிக்கும் சேதி போய்விடும். உங்களுக்கு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அதற்கு வேகம் இன்னும் ஜாஸ்தி. அதனால் வீட்டில் ஒரு பெரியவரைப் பிடியுங்கள். சித்தியோ அத்தையோ, அப்பா மதிக்கிற ஒருவராக இருக்கணும். பழைய பாட்டில் தோழி செய்த வேலையை அவர் செய்வார். அப்பா கேள்விப்படுகிற முதல் வாய் உங்கள் பக்கத்து வாயாக இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

7. தெருக்களுக்கு நடுவில் இருக்கிற கோட்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தையும்.

கலைஞர் கருணாநிதி பேரில் எங்கள் கே.கே. நகர், அதை ஒட்டியே எம்.ஜி.ஆர். பேரில் ஒரு நகர். கே.கே. நகருக்குள்ளேயே எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வருமானத்தை வைத்து வீடு பிரித்திருந்தார்கள். எங்கள் பிளாக்கில் முதலில் டிவி வாங்கிய வீட்டில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கப் போவோம். எங்களுக்கு ஹாலில் பாய். எம்.ஜி.ஆர். நகரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஜன்னல் கம்பி. யாரும் எதுவும் சொன்னதில்லை, சொல்லாமலே அவர்கள் ஜன்னலுக்குப் போனார்கள். பணம் என்று நாங்கள் நினைத்ததில் சாதியும் இருந்தது. ஒன்றாக விளையாடியவர்கள் என்பதால் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்று நம்பி ஏமாறாதீர்கள். விளையாட விட்டவர்களே கல்யாணம் என்றதும் வேறு முகம் காட்டுவார்கள். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் அருகில் பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகச் சங்கரை வெட்டிக் கொன்றதை மறக்கக் கூடாது.

அதனால் இதை மனப்பாடம் செய்யுங்கள். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஐயர் வேண்டாம் என்றால் சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் அது. உற்றார், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் இந்துக்களுக்கு அது செல்லும். மதம் வேறு என்றால் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சிகள். வடபழனி முருகன் கோயிலில் தாலி கட்டினாலும் சரி, சர்ச்சில் கட்டினாலும் சரி, தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷச் சட்டப்படி 90 நாளுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்யணும். மிரட்டல் இருந்தால் முதலில் போலீசில் எழுத்தில் கொடுங்கள், நகலை நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள்.

8. இத்தனை வருஷம் தெரிந்தவர் என்று கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரே ஏரியா ஜோடிக்கு இதுதான் பெரிய பள்ளம். கே.கே. நகரை விட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போக எங்கள் வீட்டுக்காரருக்கு ரொம்ப ஆசை இருந்திருக்கிறது. நான் அம்மாவை விட்டு வர மாட்டேன் என்று அவராகவே முடிவு கட்டி வாயைத் திறக்கவில்லை. கேட்டிருந்தால் நான் பெட்டி கட்டியிருப்பேன். அம்மா போன பிறகுதான் இதைச் சொன்னார். இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து கேளுங்கள்: இப்போது உனக்கு என்ன வேணும்? கூடவே, இரண்டு பேருக்குமே தெரியாத ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். புதிய காரியத்தைச் சேர்ந்து செய்கிற ஜோடிகளுக்கு உறவில் திருப்தி கூடுகிறது என்று ஆர்தர் ஆரன் என்ற உளவியல் அறிஞர் 2000இல் ஆய்வு வெளியிட்டார். நாங்கள் இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டோம். எல் போர்டு மாட்டிக்கொண்டு ராஜமன்னார் சாலையில் நான் வண்டியை ஆஃப் ஆக்க, பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க, பக்கத்து சீட்டில் அவர் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

9. ஊர் மாறும். அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அசோக் நகருக்கு 2015இல் மெட்ரோ வந்தது. தனி வீடுகள் ஜாயின்ட் வென்ச்சரில் நாலு மாடியாயின. நாளைக்கு உங்களில் பாதிப்பேர் டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருப்பீர்கள். அங்கே 12ஜி என்றால் என்னவென்று புரிகிற ஒரே ஆள் உங்கள் வீட்டுக்குள் இருப்பார். அது பெரிய பாக்கியம். ஆனால் ராத்திரி பூரா கே.கே. நகர் பேசிவிட்டு, எதிர் வீட்டுக்காரர் பேர் தெரியாமல் இருந்தால் அந்த ஊரில் உங்களுக்கு வேர் பிடிக்காது. உங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் சொந்த ஊர். அவர்கள் பின்னால் ஏங்குவதற்கும் அங்கே ஏதாவது நடக்கணும்.

இத்தனையும் ஞாபகம் இருக்காது, எனக்குத் தெரியும். இரண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். எட்டாவதில் சொன்ன கேள்வியை வருஷா வருஷம் கேளுங்கள். கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். சாட்சிக்கு ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், ஆதார் கார்டோடு வருகிறேன்.