பிஸ்டனை மாற்றும் முன் கிராங்கைப் பார்

பட்டறையில் கைபழகத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு,

பழைய புல்லட் ஒன்று தட்டல் சத்தத்தோடு பட்டறைக்கு வருகிறது. ஹெட்டைக் கழற்றுகிறார்கள், பிளாக்கைத் தூக்குகிறார்கள், போர் தேய்ந்திருக்கிறது என்று லேத்துக்கு அனுப்புகிறார்கள். ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது கேஸ்கெட் எல்லாம் போட்டு உதைத்தால் வண்டி ஓடுகிறது. சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. தேய்மானம் கீழே இருந்தது, செலவு மேலே நடந்தது. வண்டிக்காரர் கொடுத்த காசு வீண்.

பிஸ்டன் தள்ளும், கிராங்க் சுற்றும் என்றுதான் தொழிலுக்கு வரும் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். அது கால் பங்கு உண்மை. நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரே ஒரு வெடிப்பு. அந்த ஒரு ஸ்ட்ரோக்கில்தான் பிஸ்டன் கொடுக்கிறது. காற்றை இழுக்க, அழுத்த, புகையை வெளியேற்ற என்று மற்ற மூன்றிலும் கிராங்க்தான் பிஸ்டனை இழுத்தும் தள்ளியும் நடத்துகிறது. ஒற்றை சிலிண்டர் வண்டியில் அதற்கான சக்தியைச் சேர்த்துவைப்பது ஃப்ளைவீல். புல்லட் கிராங்கின் அந்த இரண்டு இரும்புச் சக்கரங்களுக்கு ஏன் அத்தனை கனம் என்பது இப்போது புரியும்.

கிராங்க் என்ற இந்த எளிய வளைவுக்காக இங்கிலாந்தில் காப்புரிமைப் போட்டி இருந்த காலம் உண்டு. 1780 இல் பர்மிங்காமின் ஜேம்ஸ் பிக்கார்டு, நீராவி என்ஜினில் கிராங்கைப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஜேம்ஸ் வாட் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொன்று ஓடும் அமைப்புக்கு 1781 இல் அவர் தனியாகக் காப்புரிமை பெற்றார். பிக்கார்டின் உரிமைக்காலம் முடிந்த பிறகு, எளிய கிராங்கே நிலைத்தது.

கிராங்க் தாங்கும் சுமை எவ்வளவு என்று பார்க்க, சென்னை திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் உருவான பழைய புல்லட் 350 ஐயே எடுத்துக்கொள்ளலாம். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. கிராங்க் பின் மையத்திலிருந்து 45 மி.மீ. தள்ளி நிற்கிறது, அதன் இருமடங்கே பிஸ்டனின் பயணம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது பிஸ்டன் வினாடிக்கு 50 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. சராசரி வேகம் வினாடிக்கு 9 மீட்டர். உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 500 மடங்குக்கும் மேல். அந்த இழுப்பு முழுவதும் கனெக்டிங் ராடு வழியாகக் கிராங்க் பின்னின் பேரிங்கில்தான் இறங்குகிறது.

கிராங்க் உச்சியிலிருந்து 90 டிகிரி திரும்பினால் பிஸ்டன் சரியாகப் பாதி வழியில் நிற்கும் என்று தோன்றும். நிற்காது. ராடு சாய்வதால் அது பாதியைத் தாண்டியிருக்கும். அதே சாய்வுதான் பிஸ்டனைச் சிலிண்டரின் ஒரு பக்கச் சுவரில் அழுத்துகிறது. ஆகவே போர் வட்டமாகத் தேய்வதில்லை. பிஸ்டனை ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னின் திசையில் ஒருமுறை, அதற்குக் குறுக்காக ஒருமுறை, மேலே, நடுவே, கீழே என்று அளந்தால்தான் தேய்மானம் தெரியும். கழற்றிய பிஸ்டனை உடனே குப்பையில் போட்டுவிடாதே தம்பி. அதன் பக்கவாட்டில் கீறல் ஒருபுறம் மேலேயும் மறுபுறம் கீழேயும் சரிந்து விழுந்திருந்தால், ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது பிஸ்டன் அதைக் குணப்படுத்தாது.

இன்னொன்று. புது பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்தால் வட்டம் வராது. கட்ஜன் பின் இருக்கும் திசையில் சற்றே ஒடுங்கியிருக்கும். குறைபாடு என்று கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பின்னைத் தாங்கும் பகுதியில் அலுமினியம் தடிப்பு அதிகம், சூட்டில் அங்கே கூடுதலாக விரியும். அதற்காகவே அப்படிக் கடைந்திருக்கிறார்கள்.

உருளை பேரிங் உள்ள கிராங்கில், ராடு பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதற்கென்றே இடைவெளி உண்டு. மேலும் கீழும் ஆடக் கூடாது. அடுத்த முறை பிளாக்கைத் தூக்கியதும், லேத்துக்கு ஆள் அனுப்பும் முன், கிராங்க் பின்னை உச்சிக்குக் கொண்டுவந்து ராடை இரண்டு விரலால் பிடித்து நேர் மேலே இழுத்து, கீழே அழுத்திப் பார். துளி ஆட்டம் விரலில் பட்டாலும் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, கிராங்கை இறக்கு.