நந்தும் நீரின் வெம்மையும்

சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்தது ஆலங்காயம் என்னும் ஊர். அதனை அடுத்த காவலூரில், வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரை 1986ஆம் ஆண்டு முதல் தாங்கி நிற்கும் வான்ஆய்வு நிலையம் உள்ளது. அங்குள்ள அறிஞர் தொலைவிலுள்ள விண்மீன்களை நோக்குவர். நாமோ ஏரிக்கரையில் நம் காலடியில் ஊரும் நத்தையை நோக்குவோம்.

நத்தையை நந்து என்பது பழந்தமிழ் வழக்கு. உயிர்களை அறிவு வகையால் பகுத்த தொல்காப்பியர், ஊறும் சுவையும் உணரும் ஈரறிவுயிர்களுள் இதனை வைத்தார்.

நத்தையின் ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருளால் ஆயது. அதன் உடலைப் போர்த்திருக்கும் மெல்லிய தோல்மடிப்பு, உணவினின்றும் நீரினின்றும் பெற்ற சுண்ணாம்பினை ஓட்டின் வாய்விளிம்பில் சிறிது சிறிதாகப் படியச் செய்யும். ஓட்டின்மேற் காணும் வரிகள் அவ்வளர்ச்சியின் தடங்களே.

யான் ஆசிரியனாய் இருந்த காலத்தில், மாணவர் சிலர் ஏரி நத்தைகள் நான்கினைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தனர். வெளிச்சம் வேண்டுமெனக் கருதி அதனைச் சாளரத்தருகே வைக்கச் சொன்னவன் யானே. பங்குனி வெயில் தொட்டியின்மேல் விழுந்தது. மூன்றாம் நாள் இரண்டு நத்தைகள் இறந்து கிடந்தன. "ஐயா, ஏரியிலும் இதே வெயில்தானே காய்கிறது? அங்கே வாழ்ந்தவை இங்கே ஏன் மாண்டன?" என்று ஒரு மாணவன் வினவினான். அவ்வினாவிற்கு அன்று விடை கூற இயலாது நின்றேன். பின்னர் நூல்களைக் கற்றே தெளிந்தேன்.

நம் உடல் தன் வெம்மையைத் தானே காத்துக்கொள்ளும். நத்தைக்கு அவ்வாற்றல் இல்லை. நீர் மிகக் குளிர்ந்தால் அது உண்ணாது ஒடுங்கும். ஓட்டின் வளர்ச்சியும் நின்றுவிடும். நீர் அளவோடு வெதுவெதுப்பானால் நன்கு உண்டு விரைந்து வளரும். ஆயினும், அவ்விரைவிற்கு ஏற்ற சுண்ணாம்பு கிடையாதாயின் ஓடு மெலிந்து எளிதில் உடையும். வெம்மை மேலும் மிகுந்தால் உயிருக்கே இடர் நேரும். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தன்னுள் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். உடலின் தேவை பெருகும் வேளையிலேயே நீரின் கொடை குறைகிறது. எஞ்சிய இரையும் விரைவில் அழுகி நீரைக் கெடுக்கும்.

ஏரியில் மேல்நீர் சுட்டாலும் அடிநீர் குளிர்ந்திருக்கும். நத்தை அங்கே இறங்கிவிடும். நீர் வற்றினால் சேற்றினுள் புதைந்து, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு, திங்கள் பல உறங்கிக் கிடக்கும். தொட்டியிலோ இறங்க ஆழமுமில்லை, புதையச் சேறுமில்லை.

ஆதலின், நத்தை வளர்ப்போர் தொட்டியை நிழலில் வைத்தல் வேண்டும். வளர்ப்பு நத்தைகள் பலவற்றிற்கு 22 முதல் 26 பாகை வரையுள்ள வெப்பம் ஏற்றது. நீரை மாற்றுங்கால் சிறிது சிறிதாக மாற்றுக. கழுவிய முட்டையோட்டுத் துண்டினை இட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். செம்பு நத்தைக்கு நஞ்சு. அதனை நீரில் சேரவிடலாகாது.

மாணவர்களே! தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் உயிரை நாம் தொட்டியில் அடைத்தோமாயின், அதற்குரிய நிழலைத் தேடித் தரும் கடமையும் நம்முடையதே ஆகும்.