கையெழுத்து வராத மசோதாக்கள்

மசோதா ஒன்று டெல்லியிலோ கிண்டி ஆளுநர் மாளிகையிலோ நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் சில வாதங்கள் தவறாமல் கிளம்புகின்றன. அவற்றில் சில அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துப் பழகியதால் வருபவை. மற்றவை, அரசமைப்புச் சட்டம் தராத பாதுகாப்பைத் தந்திருப்பதாக நம்புவதால் வருபவை. இந்த இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

“குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பினால், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.”

அது வாஷிங்டன் கணக்கு. அங்கே அதிபர் மறுத்துத் திருப்பிய மசோதாவை மீட்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. நம் அரசமைப்பின் 111-வது பிரிவில் அப்படி எதுவும் இல்லை. நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையோடு, ஒரு வரியும் மாற்றாமல் மீண்டும் நிறைவேற்றினால் போதும். அதன்பின் அவர் மறுக்க முடியாது.

2006-இல் அப்துல் கலாமுக்கு நடந்தது இதுதான். ஆதாயம் தரும் பதவிகளை வகித்த எம்.பி.க்களைத் தகுதியிழப்பிலிருந்து காப்பாற்றும் மசோதா அவரிடம் வந்தது. எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் நியாயமான அளவுகோல் வேண்டும் என்று சொல்லி மே மாதம் திருப்பி அனுப்பினார். இரு அவைகளும் அதை அப்படியே மீண்டும் நிறைவேற்றின. ஆகஸ்டில் கையெழுத்திட்டார். அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியை நாடே பேசியது. திருப்பி அனுப்பும் அதிகாரத்தின் பயன் அதுதான்.

“அப்படியானால் அவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்.”

அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும் என்பது உண்மை. 1976-இன் 42-வது திருத்தம் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி எழுதிவைத்தது. ஆனால் ஆலோசனைக்குக் கட்டுப்பட்ட ஒருவர் எதுவுமே செய்யாமல் இருந்தால்?

1986-இல் ராஜீவ் காந்தி அரசு அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. குடிமக்களின் கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு விரிவான அதிகாரம் தரும் மசோதா. மக்களவையில் 400-க்கும் மேற்பட்ட இடங்களை வைத்திருந்த கட்சி அது. திருப்பி அனுப்பியிருந்தால் சில நாட்களில் மீண்டும் நிறைவேறியிருக்கும். குடியரசுத் தலைவர் கியானி ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, மறுக்கவும் இல்லை, திருப்பியும் அனுப்பவில்லை. கிடப்பில் போட்டார். 1987-இல் அவர் ஓய்வு பெற்றபோதும் கோப்பு அங்கேயே இருந்தது. அடுத்து வந்த ஆர். வெங்கட்ராமன் 1990-இல், ஆட்சி மாறிய பிறகு, அதை மறுபரிசீலனைக்கு அனுப்பினார். அந்த மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை.

அன்று நம் கடிதங்களைக் காத்த அந்த மௌனத்தை என்னால் குறைசொல்ல முடியவில்லை. ஆனால் அதே மௌனம் ஒரு நல்ல சட்டத்தையும் அப்படியே முடக்கிவிடும். 111-வது பிரிவில் கெடு என்று எதுவும் இல்லை. திருப்பி அனுப்புவதானால் “இயன்றளவு விரைவில்” என்று மட்டுமே இருக்கிறது. அரசமைப்பு வரைவில் முதலில் ஆறு வாரம் என்று இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் அது மாறியது. அன்று உள்ளே நுழைந்த அந்தத் தெளிவின்மைக்கு இன்றுவரை விலை கொடுக்கிறோம்.

“எந்த மசோதாவையும் நிறுத்தலாம்.”

முடியாது. பண மசோதாவைத் திருப்பி அனுப்ப 111-வது பிரிவே தடை விதிக்கிறது. அரசமைப்புத் திருத்த மசோதாவுக்கு ஒப்புதல் தந்தே ஆகவேண்டும். 1971-இன் 24-வது திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது.

“சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றிவிட்டால் ஒப்புதல் உறுதி.”

இது பாதி உண்மை. மற்ற பாதிதான் தமிழ்நாட்டைச் சுட்டது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது 200-வது பிரிவு. ஆனால் மசோதா குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்குப் போய்விட்டால் 201-வது பிரிவு வந்துவிடும். அங்கிருந்து திரும்பி வந்ததைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினாலும், ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் குடியரசுத் தலைவருக்கு இல்லை. மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றும் அந்தப் பிரிவு கேட்கவில்லை. நாடாளுமன்றத்தின் இரண்டாவது வாக்குக்கு இருக்கும் பலம் மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாவது வாக்குக்கு இல்லை. அங்கே முடிவெடுப்பது நடைமுறையில் மத்திய அமைச்சரவைதான்.

நீட் விலக்கு மசோதா போன வழி இது. 2021 செப்டம்பரில் நிறைவேறியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பினார். அதே மாதம் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் நடத்தி மீண்டும் நிறைவேற்றியது. பிறகு அது டெல்லி போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். மூன்று ஆண்டுகளில் எத்தனை மாணவர்கள் அந்தத் தேர்வை எழுதி முடித்திருப்பார்கள்! மசோதாவை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒன்றுபட வேண்டிய இடம் இது: மறுப்பு என்றாலும் அது காலத்தோடு வர வேண்டும்.

“இப்போது உச்ச நீதிமன்றம் கெடு விதித்துவிட்டதே.”

விதித்தது, நிற்கவில்லை. 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்றது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலவரம்பும் வகுத்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதையடுத்து, நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசமைப்பில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுத முடியாது, கருதப்பட்ட ஒப்புதல் என்பதும் கிடையாது என்றது. காரணமின்றி நீண்ட காலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கும்படி ஆளுநருக்கு உத்தரவிடலாம்; என்ன முடிவு என்று சொல்ல முடியாது.

நீதிமன்றத்தால் எழுத முடியாததை நாடாளுமன்றம் எழுதலாம். டெல்லிக்கு வரும் மாநில மசோதாக்களை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் 1988-இலேயே பரிந்துரைத்தது. ஆளுநருக்கு ஆறு மாதம் என்றது 2010-இன் பூஞ்சி ஆணையம். 200, 201-வது பிரிவுகளைத் திருத்தி அந்தக் கெடுக்களைச் சேர்க்க எந்தத் தடையும் இல்லை.