குடிப்பது கணக்கில் சேருமா?

தவக்காலம் வந்தால் எங்கள் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "இண்டைக்கு ஒருசந்தி. தேத்தண்ணி குடிக்கலாமோ?" வீட்டிலிருக்கும் அம்மம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "குடிக்கலாம் பிள்ளை. குடிக்கிறது ஒருசந்தியை முறிக்காது."

அம்மம்மாவின் தீர்ப்பு பிழையன்று. ஆனால் உடல் நிறையைக் குறைக்க முயல்வோர் பலர் இதே தீர்ப்பைத் தம்முடைய உணவுக் கட்டுப்பாட்டுக்கும் பொருத்திக்கொள்கின்றனர். "நான் இடையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, தேநீர் மட்டுந்தான்" என்று மனச்சாட்சிக்கு விரோதமின்றிச் சொல்கின்றனர். சோற்றைக் குறைத்தும் நிறை குறையவில்லை என்று கண்டபின், "என் உடம்பின் வாகு அப்படி" என்று மனஞ்சலித்து முயற்சியையே கைவிட்டுவிடுகின்றனர். சலரோகமும் இரத்த அழுத்தமும் நம் குடும்பங்கள் பலவற்றில் குடிகொண்டிருக்கையில், இது சிறிய இழப்பன்று. ஆகவே இவ்வாரம் இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்: இரு வேளை உணவுகளுக்கு இடையில் குடிப்பது சிற்றுண்டியாகுமா, ஆகாதா?

இரு அளவுகோல்கள்

இது புதிய கேள்வியன்று. 13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குயினாஸ் இதனை ஆராய்ந்தார். பானம் உடலுக்கு ஓரளவு போஷாக்குத் தருகிறது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் திருச்சபை தன் நோன்புக் கட்டளையால் பானத்தைத் தடைசெய்யக் கருதவில்லை. ஆதலால் அது நோன்பை முறிக்காது என்றார். அதேவேளை அளவுக்கு மிஞ்சிப் பருகுவோர் நோன்பின் பலனை இழக்கக் கூடும் என்றும் எச்சரித்தார். பின்னர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சொக்லேற் பானம் ஐரோப்பாவுக்கு வந்தபோது, இத்தனை கொழுமையான பானமும் நோன்பை முறிக்காதா என்ற விவாதம் எழுந்தது. 1636ஆம் ஆண்டில் ஸ்பெயினில் அந்தோனியோ டி லெயோன் பினெலோ இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 1664ஆம் ஆண்டில் கருதினால் பிரன்காச்சியோ சொக்லேற்றுக்குச் சார்பாக ஒரு நூல் வெளியிட்டார்.

ஆனால் திருச்சபையிடம் மற்றோர் அளவுகோலும் உண்டு. அதுவே நற்கருணை நோன்பு. 1953இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், தண்ணீர் இந்நோன்பை முறிக்காது என்று விதித்தார். 1964 முதல் இந்நோன்பு ஒரு மணி நேரமாகக் குறைந்துள்ளது. அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீருக்கும் மருந்துக்கும் மட்டுமே விலக்கு உண்டு. மற்றப் பானங்கள் யாவும் உணவோடு ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

நிறை குறைக்க விரும்புவோர் தங்களை அறியாமலே முதலாவது அளவுகோலைக் கையில் எடுக்கின்றனர். உடம்போ இரண்டாவது அளவுகோலுக்கு நெருங்கிய கணக்கையே வைத்திருக்கிறது.

வயிறு மறப்பதை உடம்பு மறவாது

ஒரு கிராம் சீனி 4 கலோரி தருகிறது. அதைப் பணியாரமாகக் கடித்தாலும் தேநீரில் கரைத்தாலும் அந்த 4 கலோரி மாறாது. மாறுவது ஒன்றுண்டு, அது நம் பசி. கடித்து மென்று உண்ட உணவை வயிறு நினைவில் வைத்து, அடுத்த வேளைச் சோற்றை ஓரளவு தானே குறைத்துக்கொள்ளும். குடித்ததை அவ்வாறு நினைவில் வைப்பதில்லை.

அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகிறது. 15 பேருக்கு நான்கு வாரம் நாள்தோறும் 450 கலோரி இனிப்பு மிட்டாயாகவும், வேறு நான்கு வாரம் அதே 450 கலோரி சோடாவாகவும் கொடுத்தனர். மிட்டாய் உண்ட காலத்தில் அவர்கள் மற்ற உணவைத் தாமாகவே குறைத்துக்கொண்டனர். சோடா குடித்த காலத்தில் மற்ற உணவு குறையவில்லை, நிறை கூடியது.

ஒரு நாட் கணக்கு

ஒரு குடும்பத் தாயை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி சீனி, அதாவது 10 கிராம், 40 கலோரி. 10 கிராம் கொழுப்பு நீக்காத பால்மா ஏறக்குறைய 50 கலோரி. ஆகவே ஒரு பால்த்தேநீர் 90 கலோரி. விடியற்காலை, பத்து மணி, பின்னேரம், இரவு என நான்கு முறை குடித்தால் 360 கலோரி. அன்று ஓர் உறவினர் வீட்டுக்குச் சென்றபோது முகம் முறியக்கூடாதென்று ஒரு கிளாஸ் சோடாவும் குடித்தார். அதிலே 30 கிராம் சீனி, 120 கலோரி. மொத்தம் 480. இது இரண்டு கோப்பைச் சோற்றுக்கும் மேலானது. இரவில் அவர் தியாகம் செய்து விட்டுவிட்ட சோறு ஒரு கோப்பைதான்!

சீனியை மட்டும் எண்ணினாலும் 70 கிராம் ஆகிறது. சேர்க்கப்படும் சீனி நாளாந்த உணவின் சக்தியில் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரை. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று.

எவை சேரும், எவை சேரா?

தண்ணீர், மல்லித்தண்ணீர், சீனியில்லாத வெறுந்தேநீர், சீனியும் பாலும் இல்லாக் கோப்பி ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. உப்பிட்ட தெளிந்த மோரில் இருப்பது சொற்பமே. இளநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 20 கலோரி. இனிப்புச் சோடாவில் பாதியளவு.

பழச்சாறு பலரை ஏமாற்றுகிறது. சீனி சேர்க்காத தோடம்பழச் சாறும் கலோரியில் சோடாவுக்கு அண்மையிலேயே நிற்கும். பழத்தின் நார் வடியிலே தங்கிவிட, இனிப்பு கிளாசுக்குள் வந்துவிடுகிறது. ஆகவே பழத்தைப் பழமாகவே உண்ணுங்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்போரும் பனங்கட்டியைக் கணக்கில் சேர்க்கவேண்டும். கலோரியில் அதற்கும் சீனிக்கும் பெரிய வேற்றுமை இல்லை. மதுபானத்திலுள்ள அற்ககோல் கிராமுக்கு 7 கலோரி தருவது. அது சீனியையும் விஞ்சியது.

பால் ஒரு பானமன்று, அது உணவு. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அதனைக் குறைக்க முற்பட வேண்டாம். நிறை குறைப்போர் அதை உணவுக் கணக்கிலே எழுதிக்கொண்டால் போதும்.

ஓர் எச்சரிக்கை

சலரோகத்துக்கு இன்சுலின் ஏற்றுவோரும் மாத்திரை எடுப்போரும் வைத்தியரைக் கேளாமல் உணவையோ பானத்தையோ திடீரெனக் குறைக்கலாகாது. நடுக்கம், குளிர்வியர்வை, தலைச்சுற்று முதலியன கண்டால் இரத்தத்தில் சீனி குறைந்திருக்கலாம். அவ்வேளையில் இனிப்புப் பானமே மருந்து. அதைக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

இவ்வாரம் செய்து பார்க்க

ஒரு கொப்பித் தாளை எடுத்து, மூன்று நாட்கள் நீங்கள் குடிப்பவற்றை மட்டும் எழுதுங்கள். எத்தனை முறை, எத்தனை கரண்டி சீனி என்று குறியுங்கள். பின்னர் வாரத்துக்கு அரைக் கரண்டியாகச் சீனியைக் குறைத்து வாருங்கள். நாக்கு மெல்ல மெல்லப் பழகிவிடும். போத்தலில் விற்கும் இனிப்புப் பானம் வாங்கும்போது, 2016 முதல் நம் நாட்டில் அதிலே இடப்படும் நிறக்குறியைப் பாருங்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம். பச்சை என்றால் குறைவு.

விருந்தினர் வந்தால், "சீனி எவ்வளவு போட?" என்று முதலில் கேளுங்கள். நீங்கள் விருந்தினராய்ச் சென்றால், "எனக்குச் சீனி வேண்டாம், தேத்தண்ணி போதும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். உபசரிப்பின் இனிமை கரண்டியிலே இல்லை.

அம்மம்மா சொன்ன தீர்ப்பு ஒருசந்திக்கு இன்றும் செல்லும். நிறை குறைக்கும் முயற்சிக்கோ, தண்ணீரையும் மருந்தையும் சீனியில்லா வெறுந்தேநீர் போன்றவற்றையும் தவிர்த்து, குடிப்பதெல்லாம் உண்பதே. இதை அறிந்துகொண்டவர் தம் உடம்பின் வாகை நொந்துகொள்ளத் தேவையில்லை. குறைக்க வேண்டியது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.