தட்டில் மிஞ்சும் சோறும் வயலில் வற்றும் நீரும்

 

நாம் சோற்றை நம்பி வாழும் சமூகத்தார். தோளில் தண்டு வைத்து, இருபுறமும் பானை தொங்கவிட்டு, பினாங்குத் தெருக்களில் சோறு விற்றவர்கள் நம் முன்னோர். இன்று நாசி கண்டார் கடை நடத்துவோரும், மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்குவோரும் நம்மில் அநேகர். ஆதலின், அந்தச் சோறு எங்கிருந்து வருகிறது, அது விளைய மண்ணும் நீரும் என்ன விலை கொடுக்கின்றன என்பதை அறிவது நமக்குக் கடமையாகும்.

கெடாவிலும் பெர்லிஸிலும் பரந்து கிடக்கும் மூடா சமவெளியில் சுமார் 1 லட்சம் ஹெக்டேர் நெல் வயல் உண்டு. முன்னாளில் அங்கே மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்தது. மக்கள் தொகை பெருகிற்று. அரிசித் தேவையும் பெருகிற்று. ஆகவே மூடா, பெடு என்னும் அணைகள் கட்டப்பெற்று, 1970-ஆம் ஆண்டில் இருபோகச் சாகுபடி தொடங்கிற்று. மூடா அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பெடு அணைக்குப் போய், அங்கிருந்து வாய்க்கால்களில் வயலுக்குப் பாய்கிறது.

இதனால் உழவர் வருமானம் கூடிற்று. நம் கடைகளிலும் அரிசி நிறைந்தது. இதை மறுப்பார் இல்லை. ஆனால் வரவுக்கு எதிரே பற்று உண்டென்பது பேரேடு எழுதும் நமக்குத் தெரியாததா?

அந்தப் பற்று யாது? வயல் ஓய்ந்து கிடக்கும் காலம் குறைந்தது. உரமும் பூச்சிமருந்தும் பெருகின. முன்பு ஒருபோக வயலில் விராலும் கெளுத்தியும் தாமே வளரும். உழவர் அவற்றைப் பிடித்து ஆணத்துக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை விற்பார்கள். இருபோகமும் மருந்தும் வந்தபின் அந்த மீன் வளம் வெகுவாகக் குறைந்துபோயிற்று. அன்றியும், நீர் தேங்கிய வயலில் காற்றுப்படாத சேற்றிலிருந்து மீத்தேன் என்னும் வாயு எழுகிறது. மனிதர் செயலால் உலகில் உண்டாகும் மீத்தேனில் ஏறத்தாழ 10 சதவீதம் நெல் வயல்களிலிருந்து வருவதாகும். அது பூமியின் சூட்டைக் கூட்டுகிறது. சூடு கூடினால் மழை தவறுகிறது. மழை தவறினால் நெல்லும் தவறுகிறது.

பினாங்கில் உள்ளோர் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. பினாங்கின் குழாய்த் தண்ணீருக்கு எடுக்கப்படும் நீரில் 80 சதவீதத்துக்கு மேல் மூடா நதியின் நீரே. அந்நதியின் மேற்பகுதியில்தான் மூடா அணை நிற்கிறது. வயலும் குழாயும் ஒரே தாயின் இரு பிள்ளைகள். வறட்சி வந்தால் இரண்டும் அவளிடமே கையேந்த வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமுமாகச் சுமார் 2,500 லிட்டர் நீர் செல்கிறது. ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். ஒரு கடையில் நாளுக்கு ஒரே ஒரு கிலோ அரிசியின் சோறு வீணாகிறதென்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 365 கிலோ. அதனோடு வீணான நீர் 13 லட்சம் லிட்டருக்கு மேல்! நாடு முழுவதும் நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் உணவுக் கழிவு சேர்வதாகவும், அதில் ஏறத்தாழ கால் பங்கு உண்ணத்தக்கதே என்றும் திடக்கழிவுக் கழகம் கூறியுள்ளது. குப்பைமேட்டில் புதைந்த சோறும் காற்றின்றி அழுகி அதே மீத்தேனையே வெளிவிடும். பினாங்கின் புலாவ் பூரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

"காசு கொடுத்தவர் மிச்சம் வைக்கிறார், நமக்கென்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர் கொடுத்தது சோற்றின் விலை. நதியின் விலையை யார் கொடுத்தார்? நாட்டுக்கு வேண்டிய அரிசியில் பாதிக்குச் சற்றுக் கூடுதலே இங்கு விளைகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதியல்லாத வெள்ளரிசி ஏற்றுமதியை நிறுத்தி, 2024 செப்டம்பரில்தான் மீண்டும் திறந்தது. 2023 செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளரிசி டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏறிற்று. உடனே யாவரும் உள்ளூர் அரிசியைத் தேட, 10 கிலோ 26 ரிங்கிட் மூட்டை கடைகளில் காணாமற்போயிற்று. அன்று அரிசியின் அருமை தெரிந்தது. இன்றும் அது அதே அரிசிதானே?

ஆகவே நாம் செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று: சோறு வைக்குமுன் "முழுச் சோறா, அரைச் சோறா?" என்று கேட்பது. தட்டு நிறைய வைப்பதே நம் கடைகளின் பெயர். குறைத்தால் கஞ்சன் என்பார்களே என்று அஞ்சவேண்டாம். அரைச் சோறு உண்டவர் மறுபடி கேட்டால் முகமலர்ந்து வைப்போம். அதுவும் தாராளமே.

இரண்டு: ஒரு வாரம் எச்சில் தட்டுச் சோற்றைத் தனி வாளியில் சேர்த்து, நிறுத்து, கணக்கில் எழுதுவது. எழுதாத நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது.

மூன்று: கலியாணத்திலும் கந்தூரியிலும் தலையெண்ணி உலை வைப்பது. சஹனில் முதலில் அளவாக வைத்து, தீர்ந்தபின் மேலும் வைப்பது. மிஞ்சியதைக் கெடுமுன் அயலாருக்கு அனுப்புவது.

வயலை இடையிடையே காயவிட்டு நீர் பாய்ச்சினால் நீரும் மிஞ்சும், மீத்தேனும் குறையும். அது உழவர் செய்யவேண்டிய பங்கு. விளைந்ததை வீணாக்காதிருப்பது நம் பங்கு. மதரஸாவில் தட்டை வழித்து உண்ணப் பழகியவர்கள் நாம். விரயம் கூடாதென்பது நமக்குப் புதிய பாடமன்று. பழைய பாடத்தை நம் கடைகளில் நடத்திக் காட்டுவோமாக!