கசகசாச் செடியின் காயமும் சூடோமார்ஃபினும்

நம் சமையலுக்கு வாங்கும் கசகசா, அபினிச் செடியின் விதையாகும். இச்செடியை மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளில், அரசு உரிமம் பெற்ற உழவர்கள் மட்டுமே பயிரிடுகின்றனர். உரிமமின்றிப் பயிரிடுவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இதன் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் காற்றுப்பட்டுப் பழுப்பாகி இறுகும். அதுவே அபினி. இதிலுள்ள மார்ஃபின், கடும் வலியைத் தணிக்கும் மருந்து. மார்ஃபின் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால், அதன் இரு மூலக்கூறுகள் பிணைந்து சூடோமார்ஃபின் உண்டாகிறது. இதற்கு வலி தணிக்கும் ஆற்றல் இல்லை. எனவே மருந்துத் துறையினர் இதனை மாசு என்று ஒதுக்குகின்றனர்.

இதன் விளைவு உழவரையும் தொடும். 2021-22ஆம் ஆண்டு உரிமக் கொள்கையில், முன்பருவத்தில் ஹெக்டேருக்குச் சராசரி 4.2 கிலோ மார்ஃபின் அளித்தவர்கள் பால் எடுக்கும் உரிமத்திற்குத் தகுதி பெற்றனர். அபினியின் எடை மட்டும் போதவில்லை; அதனுள் இருக்கும் சத்தே கணக்கில் வந்தது.

செடிக்கு இதனால் என்ன பயன்?

மனிதருக்குப் பயன்படாத பொருளைச் செடி ஏன் உண்டாக்குகிறது? ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் இதற்கு விளக்கம் தந்தனர். செடியில் காயம்பட்டதும் மார்ஃபின் இவ்வாறு இரட்டைப் பொருளாக மாறி, செல் சுவரிலுள்ள பெக்டினை இறுகப் பிணைக்கிறது. பெக்டினைக் கரைக்கும் நொதிகளால் அச்சுவரை எளிதில் அழிக்க இயலவில்லை. அழுகல் நோய்க் கிருமிகள் பல, இந்த நொதிகளைக் கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. ஆகவே மருந்துச் சாலைக்கு மாசாகத் தோன்றுவது, செடிக்குக் காயக்கட்டு.

நம் வயலுக்குப் பாடம்

உருளைக்கிழங்கும் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். வெட்டுப்பட்ட இடத்தில் தக்கைப் படலம் வளரும். அதற்குச் சில நாட்கள் தேவை. அதற்குள் ஈரமும் கிருமியும் சேர்ந்தால் மென்னழுகல் தொடங்கிவிடும். ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. அறுவடையின்போது மண்வெட்டி கிழங்கில் படாமல் தள்ளி வெட்டுங்கள்.

2. கிழங்குகளைக் காற்றோட்டமுள்ள நிழலில் சில நாட்கள் ஆறவிடுங்கள்.

3. வெட்டுப்பட்ட கிழங்குகளைத் தனியே பிரித்து முதலில் விற்றுவிடுங்கள்.

4. இருப்பு வைக்கும் கிழங்கைக் கழுவாதீர்கள்.

காயத்தை மூடச் செடிக்குத் தெரியும். அதற்குரிய அவகாசத்தை அளிப்பது நம் பொறுப்பு. அவ்வாறு செய்தால் கிடங்கில் அழுகி வீணாகும் கிழங்கு குறையும்.