இரண்டு பைத்தான்கள் பேசிக்கொள்ள நான்கு பைட்டு போதும்

மாலை 5 மணிக்கு எடுத்த அளவை மடிக்கணினி '64515ஆவது நிமிடம்' என்று காட்டியது. ஒரு நாளில் 1440 நிமிடங்கள்தாம். தெலுக் இந்தானில் என் மூன்றாம் படிவ மாணவர்கள் ஒரு வாரம் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் அளந்த செய்முறை அது. அளவுகளையெல்லாம் அழித்துவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கருவி சரியாகத்தான் அளந்திருந்தது.

பைத்தான் ஒரே மொழிதான், ஆனால் அதை இயக்கும் மென்பொருள்கள் பல. மடிக்கணினியில் பெரும்பாலும் இருப்பது சிபைத்தான். மைக்ரோபிட் பலகையில் இருப்பது மைக்ரோபைத்தான். டேமியன் ஜார்ஜ் 2013இல் நிதி திரட்டி உருவாக்கியது அது. முதல் மைக்ரோபிட்டின் நினைவகம் 16 கிலோபைட்டு மட்டுமே என்பதால் பல வசதிகளை விட்டுவிட்டார்கள். சிபைத்தானில் தரவைப் பொதிந்து வைக்க 'பிக்கிள்' உண்டு. ஊறுகாய் என்று பொருள்! பலகையில் அந்த ஜாடியே கிடையாது.

அப்படியானால் எப்படி அனுப்புவது? '1020,118,31' என்று எழுத்தாக அனுப்பலாம். நிமிடம், ஒளி, வெப்பம் என்ற வரிசையில் இது 11 பைட்டு. கண்ணால் படிக்கலாம், பிழை எளிதில் தெரியும். தொடக்கத்தில் நானும் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் மைக்ரோபிட்டின் வானொலிச் செய்தி வழக்கமாக 32 பைட்டுக்குள் அடங்க வேண்டும். எழுத்தாக அனுப்பினால் ஒரு செய்தியில் இரண்டு அளவுகளே கொள்ளும்.

பைத்தானின் 'ஸ்ட்ரக்ட்' தொகுதி இரண்டு பக்கமும் உண்டு. ஒளி 0 முதல் 255 வரை, எனவே ஒரு பைட்டு. வெப்பத்துக்கு ஒரு பைட்டு. நிமிடம் 255ஐத் தாண்டுவதால் இரண்டு பைட்டு. ஆக நான்கு. ஒரே செய்தியில் எட்டு அளவுகள் போகும்.

கோளாறு அந்த இரண்டு பைட்டில்தான். 1020 என்பது 3 × 256 + 252. பலகையில் மாணவர் '>' குறி போட்டிருந்தார், அதாவது பெரிய பைட்டு முதலில்: 3, 252. மடிக்கணினியில் '<' குறி, அதாவது சிறிய பைட்டு முதலில். அது 252 × 256 + 3 என்று கூட்டி 64515 ஆக்கிவிட்டது. ஒரு குறியை மாற்றியதும் ஒரு வார அளவும் மீண்டது. குறியே போடாவிட்டால் அந்தந்தக் கருவியின் வழக்கப்படி வரிசை அமையும். சில அமைப்புகளில் இடையில் வெற்றுப் பைட்டும் நுழையும். ஆகவே குறி கட்டாயம், இரு பக்கமும் ஒன்றாக.

செய்து பாருங்கள்: இரவு 11.59, அதாவது 1439. '<' குறி போட்டால் எந்த இரு பைட்டுகள், எந்த வரிசையில் போகும்? (விடை: 159, 5)